ஆறு திரும்பிய இடம்

மூன்றாவது கிணறும் வறண்டது என்று
கம்பியில்லாக் கருவி கரகரத்தபோது
நாற்பத்தொன்றாம் பெட்டியில் குனிந்திருந்தேன்.
லோகிச்சாருக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகை.
மணி பத்துகூட ஆகவில்லை,
பென்சில் வியர்வையில் வழுக்குகிறது.

பெட்டியில் இரண்டாவது கிணற்றின் பாறை,
எண்ணெய் தந்தது,
கரும்புபோல் அறுத்து அடுக்கியிருக்கிறது.
தண்ணீர் தெளித்தால் கோடுகள் எழும்பும்.
அடியில் கூழாங்கல்,
மேலே பருமணல், சாய்ந்து சாய்ந்து படிந்தது,
அப்புறம் நுண்மணல், வண்டல்,
கடைசியில் விரல்கனம் சேறு.
ஒரு வெள்ளம் ஓடி, களைத்து, உட்கார்ந்துவிட்டது.
பருமணலை நகத்தால் கீறினேன்.
மெழுகு ஒட்டியது,
அணைந்த விளக்கின் வாசனையோடு.

பூமிக்கடியில் எண்ணெய்க் குளம் இருப்பதாக
என் மாமனார் லோமுரியா நம்புகிறார்.
படகு விடலாமா என்று ஒருமுறை கேட்டார்.
குளம் இருந்தது, பொய்யில்லை.
தண்ணீர்க் குளம். பாசி, மீன், முதலை.
பாசி செத்துச் செத்து அடியில் இறங்கியது.
காற்று எட்டாத சேறு அதை மக்கவும் விடவில்லை.
மேலே பாரம், கீழே சூடு,
கோடிக்கணக்கான ஆண்டு.
இளகி, ஊர்ந்து, மேலேறி,
ஒண்ட இடம் தேடியபோது
ஆறு கட்டிய மணல்வீடு காலியாய் இருந்தது.
யாருக்கென்று தெரியாமலே கட்டியது.
ஏரி இன்னொருமுறை பெருகி வந்து
கூரைமேல் சேறு பூசிப் போனது.
அந்தப் பூச்சு இல்லையென்றால்
எல்லாம் எப்போதோ வெயிலில் போயிருக்கும்.

வீடு என்றேன். எல்லா வீடும் வீடல்ல.
மேற்குக் கருங்கல் மலையிலிருந்து உருண்ட மணலில்
வெளிறிய ஒரு கல் கலந்திருக்கிறது.
காலம் ஆக ஆக அது களிமண்ணாகி
அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள
வாசலை அடைக்கும்.
துளை இருக்கும், வழி இருக்காது.
உள்ளே எண்ணெய் இருப்பது தெரியும்,
ஒரு சொட்டும் வராது.

மூன்றாவதில் அந்தக் கோளாறுகூட இல்லை.
மணலே இல்லை.
மேலாளர் வரைபடத்தில் மஞ்சள் நிறத்தை
ஜமக்காளம் விரித்ததுபோல் பூசியிருந்தார்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, ஒரே சீராய்.
ஆறு ஜமக்காளம் அல்ல,
அவசரத்தில் யாரோ எறிந்த கயிறு
என்று ஜனவரியிலேயே சொன்னேன்.
கூட்டக் குறிப்பில் அது இல்லை.

மாலையில் மூன்றாவதின் பெட்டிகள் வந்தன.
செஞ்சாம்பல் சேறு.
வேர் நுழைந்த தடம்,
வெயிலில் வெடித்த பாளம்,
வெடிப்புக்குள் பிந்தைய மழை கொட்டிய துளி மணல்.
இது கரை.
அன்றைக்கு இங்கே ஒரு மிருகம் நின்றிருந்தால்
ஆற்றின் சத்தம் காதில் விழுந்திருக்கும்.
நானூறு மீட்டர். அவ்வளவுதான்.

அறிக்கையில் காரணத்துக்கு ஒரே ஒரு வரி.
'ஆறு திரும்பிவிட்டது' என்று எழுதினேன்.
நைரோபியிலிருந்து திரும்பி வந்தது:
தயவுசெய்து எண்ணில் தரவும்.

கொட்டகைக்குப் பின்னால் காய்ந்த ஆற்றுப்படுகை.
தேநீர்க்கடை நங்கீரோ
ஆடுகளுக்காக ஊற்று தோண்டிக்கொண்டிருந்தாள்.
நேற்றைய குழி தூர்ந்து கிடந்தது,
இன்றையது பத்தடி தள்ளி, வளைவின் வெளிப்பக்கம்.
குழியின் சுவரில் கோடுகள்.
சாய்ந்து சாய்ந்து.
கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"உங்கள் குழி வறண்டதாமே?"
"ஆமாம் நங்கீரோ."
"எவ்வளவு ஆழம்?"
"இரண்டாயிரத்து நூறு மீட்டர்."
அவள் சிரித்த சிரிப்பில்
சுவரின் ஒரு பக்கம் சரிந்து
பாதித் தண்ணீர் மூடிக்கொண்டது.
திட்டினாள், என்னைத்தான்.
நானும் இறங்கி மணலை அள்ளிப் போட்டேன்.
ஈரம். விரலிடுக்கில் மினுக்கும்
அந்த வெளிறிய கல்.
இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது.